யாருடைய

கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை:
கிழக்கே இருபதடிப் பாதை,
மேற்கே ருத்ரமுனியின் காலிமனை,
தெற்கே சாக்கடை,
வடக்கே ஏரிக்கரை.
அது வெறும் திசை என்று நினைத்துத்தான்
இருபது வருடத் தவணைக்குக் கையெழுத்திட்டேன்.

கொம்மசந்திர ஏரியின் நீர்மட்டம்
எங்கள் இரண்டாவது மாடிக்குச் சமம்.
விருந்தினரிடம் இதைச் சொல்வதில்லை.
வண்டி நிறுத்தும் நிலவறையில்
வடக்குச் சுவர் வேர்த்தபோது
பெயின்ட்காரரை அழைத்தோம்.
இரண்டு முறை.

மூன்றாம் முறை வந்தவள் மண் படித்தவள்,
பவானி ஷெணாய், சேறு படிந்த ஸ்கூட்டரில்.
மண்கரை என்றால் கசியும், என்றாள்.
தெளிவாய்க் கசிந்தால் தூங்குங்கள்.
கலங்கிக் கசிந்தால்
தண்ணீர் தனியாக வரவில்லை என்று பொருள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு
காலி ஜாம் பாட்டிலோடு கரையடிக்குப் போகிறேன்.
குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் நான்.
வரவு செலவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில்
தெளிவு, தெளிவு, தெளிவு,
எலி வளை ஒன்று, தெளிவு,
புங்கமரம் சாய்ந்த குழி, தெளிவு.

சிறுபாசனத் துறை எழுதியது:
அங்கே பாசனம் இல்லை, ஆகவே ஏரி எங்களுடையதல்ல.
மாநகராட்சி எழுதியது:
நடைபாதையும் பதினோரு விளக்கும் எங்களுடையவை,
அவற்றைத் தாங்கும் மண் எங்களுடையதல்ல.
ஏரிகளுக்கென்று இருந்த ஆணையம் எழுதவில்லை.
அதைக் கலைத்துவிட்டார்களாம்.

தாலுகா அலுவலகத்தில் வரைபடத்தை விரித்தார்கள்.
நாற்பத்தொன்று ஏரி. நாற்பத்திரண்டு நாங்கள்.
நடுவே ஒரு கறுப்புக் கோடு.
கரை முழுவதும் அந்தக் கோட்டின் தடிமனுக்குள் இருந்தது,
மரங்களோடு, எலிகளோடு,
மாலையில் நடக்க வருகிற எல்லோரோடும்.

யாருடைய கரை, யாருடைய கரை என்று
நான்கு வருடம் மனு எழுதியதில்
ஒருநாள் சொல் கையில் பிளந்துகொண்டது.
யார்?
உடைய.
சொந்தமாவதற்கும் சிதறுவதற்கும்
என் மொழி ஒரே எழுத்துகளைத்தான் ஒதுக்கியிருக்கிறது.

மிஞ்சும் நீர் வெளியேற
கிழக்கு முனையில் ஒரு வாய் இருந்தது.
கன்னடத்தில் கோடி, தமிழில் கலங்கல்.
அதன்மேல் கான்க்ரீட் சரிவு போட்டு
இம்தியாஸ் கார் கழுவுகிறார்.
அந்தக் கலங்கல் அடைபட்டதால்
இந்தக் கலங்கல் பாட்டிலுக்கு வந்தது:
அக்டோபர் பத்தொன்பது, தேநீர் நிறம்.

அன்றிரவு மழை விடவில்லை.
காவலாளி பிபுல் டார்ச் அடித்துக் காட்டினான்,
நடைபாதைக்கு ஒரு சாண் கீழே நீர்.
அவசர எண்ணில் ஒரு குரல் கேட்டது:
அது எந்த வார்டு, மேடம்?

குழந்தைகள் விளையாடும் மணலை
அரிசிச் சாக்குகளில் அள்ளினோம்.
போனில் பவானி கத்தினாள்:
அடைக்காதீர்கள், மணலால் அமர்த்துங்கள்,
நீர் வரட்டும், மண் வரக் கூடாது.
மூன்றாம் மாடி வக்கீல் லுங்கியோடு சாக்குச் சுமந்தார்.
மாதச் சந்தா கட்டாதவர், அதையும் குறித்துக்கொண்டேன்.

இரண்டரை மணிக்கு இம்தியாஸ்
வாடகைக்கு எடுத்த டிரில்லரால்
தன் சரிவைத் தானே உடைத்தார்,
ஒவ்வோர் அதிர்வுக்கும் எங்களை
உருதுவில் திட்டிக்கொண்டே.
நீர் அந்தப் பக்கம் திரும்பியது.
விடியும்போது ஒரு சாண் நான்கு சாணாகியிருந்தது.

பதினோராம் நாள் நோட்டீஸ் வந்தது.
அரசுக்குச் சொந்தமான ஏரிக்கரையை
அனுமதியின்றிச் சேதப்படுத்தியமைக்கு
ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?
நான்கு வருடமாக நான் தேடிய வாக்கியம்,
முத்திரையும் தேதியும் பச்சை மைக் கையெழுத்தும் சேர்த்து.
மூன்று நகல் எடுத்தேன்.
ஒன்றை இம்தியாசிடம் நீட்டினேன், அவர் சிரிக்கவில்லை.
அவருக்குத் தனியாக வந்திருந்தது, அபராதத் தொகையோடு.
அதைச் சங்கக் கணக்கில் எப்படி எழுதுவது என்று
இன்னும் யோசிக்கிறேன்.

பதில் மட்டும் எழுதிவிட்டேன்:

மதிப்பிற்குரிய உடையவருக்கு,
தங்கள் கரை இன்று காலை
அரை மணி நேரத்தில் ஒரு பாட்டில் கசிந்தது.
இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
குலுக்காமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவும்.
அடியில் படிந்திருப்பதும்
தங்களுடையதே.